குறை தாய்ப்பாலிலா? எடைக் கணக்கிலா?

தவறான அட்டவணை ஒன்று தாய்மார்களைப் பயமுறுத்திய கதை

நான்கு மாதக் குழந்தை. தராசில் படுத்துக்கொண்டு கால்களை உதைக்கிறது. பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறது.

ஆனால், தாயின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மூன்றாவது மாதம் 800 கிராம் கூடினான். நான்காவது மாதம் 600 கிராம்தான் கூடியிருக்கிறான்."

இவ்வளவுதான் செய்தி. இதுவே வீட்டில் கவலையை மூட்டிவிடப் போதுமானது.

"உனக்குப் பால் பற்றவில்லை, அம்மா. பிள்ளை அரை வயிறாய்க் கிடக்கிறான். ஒரு டின் வாங்கிவரச் சொல்" என்கிறார் மாமியார்.

"என் பேரனுக்கு இரண்டாம் மாதமே டின் பால்தான். குண்டு குண்டு என்று இருந்தான்" என்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள்.

மாலையில் கணவர் வரும்போது அவர் கையில் ஒரு டின்னும் ஒரு புட்டியும் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இது தினமும் எத்தனையோ வீடுகளில் நடக்கும் காட்சி. தாயின் மீது இருக்கிற அன்பாலும், குழந்தையின் மீது இருக்கிற ஆசையாலும்தான் இப்படிச் செய்கிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால், ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே பால் போதவில்லையா?

இந்தக் கேள்விக்கு விடை தேடி ஆறு நாடுகளில் ஆராய்ச்சி நடந்தது. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. கிடைத்த விடை உலகத்து டாக்டர்களின் கணக்கையே மாற்றி எழுத வைத்தது!

அளவுகோல் எங்கிருந்து வந்தது?

துணி அளக்க கஜக்கோல் வேண்டும். குழந்தையின் வளர்ச்சியை அளக்கவும் ஓர் அளவுகோல் வேண்டும். "இந்த மாதத்தில் இவ்வளவு எடை இருக்க வேண்டும்" என்று சொல்லும் அட்டவணைதான் அந்த அளவுகோல்.

1977-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் அட்டவணை வெளியாயிற்று. அதையே உலகம் முழுவதும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஏறக்குறைய 30 ஆண்டுக் காலம் பல நாடுகளின் குழந்தைகளை அந்தக் கோலைக் கொண்டே அளந்தார்கள்.

அந்தக் கோலை யாரை வைத்துச் செய்தார்கள்?

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கும் அதன் சுற்றுப்புறத்திலும் 1929 முதல் 1975 வரை குழந்தைகளை எடை போட்டு எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு, மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு அந்தக் குறிப்புகளில் இருந்துதான் அட்டவணை போட்டார்கள்.

அந்தக் குழந்தைகள் வெள்ளையர்கள். நடுத்தர வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் பெரும்பாலோர் புட்டிப் பால் குடித்து வளர்ந்தவர்கள்!

இன்னொரு குறையும் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் அவர்களை எடை போட்டார்கள். பிறந்த குழந்தை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. அந்த மாற்றம் எல்லாம் இந்தக் கணக்கில் விழவில்லை.

ஆக, புட்டிப் பால் குடித்த குழந்தைக்குத் தைத்த சட்டையைத் தாய்ப்பால் குடித்த குழந்தைக்கு மாட்டிப் பார்த்தார்கள். சட்டை பொருந்தவில்லை. உடனே, "குழந்தையிடம்தான் குறை" என்று சொல்லிவிட்டார்கள்.

பொருந்தாத சட்டை

கலிபோர்னியாவில் டேவிஸ் என்ற ஊரில் உள்ள பல்கலைக்கழகத்தில் காத்ரின் டூயி என்ற பெண் விஞ்ஞானி ஓர் ஆராய்ச்சி நடத்தினார். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளையும், புட்டிப் பால் குடிக்கும் குழந்தைகளையும் அவர் ஒன்றரை ஆண்டு வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார்.

முதல் இரண்டு, மூன்று மாதங்களில் இரு சாராரும் ஒன்றுபோல வளர்ந்தார்கள். அதற்குப் பிறகு தாய்ப்பால் குழந்தைகளின் எடை கொஞ்சம் மெதுவாக ஏறியது. ஆனால், உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் ஆரோக்கியமாகவே இருந்தார்கள். சுருங்கச் சொன்னால், சதைப்பிடிப்பு மட்டும்தான் சற்றுக் குறைவு.

அந்தத் தாய்மார்கள் ஏழைகள் அல்ல. சாப்பாட்டுக்குப் பஞ்சம் இல்லாதவர்கள். அவர்களுடைய குழந்தைகளே அட்டவணைக் கோட்டை விட்டுக் கீழே இறங்கினார்கள் என்றால், தவறு எங்கே இருக்கிறது?

அட்டவணையில்தான் இருக்க வேண்டும்!

1990-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்களும் இதே முடிவுக்கு வந்தார்கள். புதிய அளவுகோல் செய்ய வேண்டும் என்று 1994-ல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானித்தது.

ஆறு நாடுகள், 8,440 குழந்தைகள்

1997-ல் வேலை தொடங்கியது. 2003-ல் முடிந்தது.

பிரேசிலில் பெலோட்டஸ், கானாவில் அக்ரா, நார்வேயில் ஆஸ்லோ, ஓமானில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ், இந்தியாவில் தெற்கு டில்லி. இந்த ஆறு இடங்களில் இருந்து ஏறக்குறைய 8,440 குழந்தைகளின் கணக்கு சேர்ந்தது.

இந்த முறை குழந்தைகளைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பு இருந்தது. தாய் புகை பிடிக்கக் கூடாது. வீட்டில் வறுமை இருக்கக் கூடாது. பிறந்தது முதல் தொடர்ந்து அளக்கப்பட்ட குழந்தைகளுக்கு, குறைந்தது நான்கு மாதமாவது முழுக்கவோ பெரும்பாலுமோ தாய்ப்பாலே உணவாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் மற்ற உணவைத் தொடங்கியிருக்க வேண்டும். ஒரு வயது வரையாவது தாய்ப்பாலும் தொடர வேண்டும்.

பால் கொடுப்பதில் சிரமப்பட்ட தாய்மார்களுக்கு, வீட்டுக்கே போய் உதவி செய்ய ஆட்கள் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் 21 முறை போய், குழந்தைகளை எடை போட்டார்கள், நீளத்தை அளந்தார்கள்.

முடிவு என்ன?

ஆப்பிரிக்கக் குழந்தையும், ஐரோப்பியக் குழந்தையும், டில்லிக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் உயர்ந்தார்கள்! ஊருக்கு ஊர் இருந்த வித்தியாசம், மொத்த வித்தியாசத்தில் 100-க்கு 3 பங்குதான். ஒரே ஊரில், குழந்தைக்குக் குழந்தை இருந்த வித்தியாசமோ 100-க்கு 70 பங்கு.

"நம்முடைய ஜனங்களே குட்டையானவர்கள். நம் பிள்ளைகள் எப்படி வளரும்?" என்று சொல்வது உண்டு. அந்தப் பேச்சுக்கு இது ஒரு பதில். முதல் ஐந்து ஆண்டுகளில், நல்ல உணவும் நல்ல கவனிப்பும் கிடைத்தால் எல்லா நாட்டுக் குழந்தைகளும் ஒன்றுபோல வளர்கிறார்கள்.

2006-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் புதிய அட்டவணை வெளியாயிற்று. அதற்குப் பின் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. இன்று அங்கன்வாடியில் குழந்தைக்குப் போடும் கணக்கு இந்த அட்டவணைப்படிதான்.

புதிய கணக்கு சொல்வது என்ன?

இதோ, அந்த அட்டவணையின் நடுக்கோட்டு எடை:

ஆண் குழந்தை — பிறக்கும்போது 3.3 கிலோ, 1 மாதத்தில் 4.5, 2 மாதத்தில் 5.6, 3 மாதத்தில் 6.4, 4 மாதத்தில் 7.0, 5 மாதத்தில் 7.5, 6 மாதத்தில் 7.9 கிலோ.

பெண் குழந்தை — பிறக்கும்போது 3.2 கிலோ; 1 மாதத்தில் 4.2, 2 மாதத்தில் 5.1; 3 மாதத்தில் 5.8, 4 மாதத்தில் 6.4, 5 மாதத்தில் 6.9; 6 மாதத்தில் 7.3 கிலோ.

நடுக்கோடு என்றால், பாதிக் குழந்தைகள் அதற்கு மேலும் பாதிக் குழந்தைகள் அதற்குக் கீழும் இருப்பார்கள் என்று பொருள். எல்லாக் குழந்தையும் அதைத் தொட்டே தீர வேண்டும் என்பது இல்லை. சிறியதாகப் பிறந்த குழந்தை, சிறிய அளவிலேயே ஒழுங்காக வளரலாம். கோடு மேல் நோக்கிப் போகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

இந்த எண்களைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை தெரியும். முதல் இரண்டு மாதங்களில் ஆண் குழந்தை மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் கூடுகிறது. மூன்றாவது மாதத்தில் 800 கிராம். நான்காவது மாதத்தில் 600 கிராம். ஐந்தாவது மாதத்தில் 500 கிராம். ஆறாவது மாதத்தில் 400 கிராம்.

முதலில் தராசில் கிடந்ததே, அந்தக் குழந்தை கூடியதும் 800 கிராம், 600 கிராம்தான்! அதாவது, எவ்வளவு கூட வேண்டுமோ, சரியாக அவ்வளவே கூடியிருக்கிறது. அந்தத் தாய்க்குப் பால் குறையவில்லை. இயற்கையே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

பழைய அட்டவணை இதைச் சொல்லவில்லை. ஒரு வயது ஆண் குழந்தைக்கு அது 10.2 கிலோ கேட்டது. புதிய அட்டவணை கேட்பது 9.6 கிலோ. பெண் குழந்தைக்குப் பழையது 9.5, புதியது 8.9. அந்த 600 கிராம் வித்தியாசத்துக்காக எத்தனை தாய்மார்கள் தங்கள் பாலின் மீதே நம்பிக்கை இழந்திருப்பார்கள்!

சலுகை மட்டும் அல்ல, கண்டிப்பும் உண்டு

புதிய அட்டவணை தாய்மார்களுக்குச் சலுகை கொடுத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு பக்கம்தான்.

மூன்று மாத ஆண் குழந்தைக்குப் பழைய நடுக்கோடு 6.0 கிலோ. புதியது 6.4 கிலோ. ஆரம்ப மாதங்களில் புதிய அட்டவணை அதிகம் கேட்கிறது! தாய்ப்பாலை ஒழுங்காகக் குடிக்கும் குழந்தை முதல் மாதங்களில் அவ்வளவு வேகமாக வளரும் என்பதுதான் காரணம்.

அதனால், முதல் ஆறு மாதத்தில் எடை குறைந்த குழந்தைகள் புதிய கணக்கில் முன்னைவிட அதிகமாகவே தெரிய வந்தார்கள். பழைய கோல் அவர்களை மறைத்து வைத்திருந்தது.

ஆக, இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. நான்காவது, ஐந்தாவது மாதத்தில் எடை மெதுவாக ஏறினால் பயம் வேண்டாம். முதல், இரண்டாவது மாதத்தில் எடை ஏறாவிட்டால் சும்மா இருக்க வேண்டாம்.

நடைமுறையில் பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. முதல் வாரங்களில் உதவி தேவைப்படும் தாயை யாரும் கவனிப்பது இல்லை. நான்காவது மாதத்தில் நன்றாக வளரும் குழந்தைக்கு டின் பால் வாங்கி வருகிறார்கள்!

புட்டிக் குழந்தை ஏன் குண்டு?

தாய்ப்பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீர். புரதச் சத்து 100 மில்லியில் ஏறக்குறைய 1 கிராம்தான். பசும்பாலில் அது 3 கிராமுக்கு மேல். கன்றுக்குட்டி சீக்கிரம் எழுந்து ஓட வேண்டும். அதற்கு ஏற்ற பால் அது. மனிதக் குழந்தை நிதானமாக வளர்கிறது. அதன் மூளைதான் வேகமாக வளர்கிறது. அதற்கு ஏற்ற பால் தாய்ப்பால்.

பெல்ஜியம், ஜெர்மனி, இத்தாலி, போலந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் ஒரு சோதனை நடந்தது. சில குழந்தைகளுக்குப் புரதம் அதிகமான பால் மாவும், சில குழந்தைகளுக்குப் புரதம் குறைவான பால் மாவும் கொடுத்தார்கள். இரண்டு வயதில், புரதம் அதிகம் சாப்பிட்டவர்கள் எடை கூடியிருந்தார்கள். உயரம் கூடவில்லை. ஆறு வயதில் அவர்களிடையே உடல் பருமனும் அதிகமாக இருந்தது.

"குண்டுக் குழந்தை, ஆரோக்கியக் குழந்தை" என்ற எண்ணம் எப்போதும் சரி அல்ல என்பதற்கு இது அத்தாட்சி.

பெலாரஸ் நாடு காட்டிய உண்மை

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் குழந்தை வாடிவிடாதா? இந்தச் சந்தேகத்தையும் தீர்த்துவிட்டார்கள்.

பெலாரஸ் நாட்டில் 31 பிரசவ ஆஸ்பத்திரிகளில், 1996-97-ல் மைக்கேல் கிரேமர் என்ற டாக்டரின் தலைமையில் பெரிய சோதனை ஒன்று நடந்தது. அதில் 17,046 தாய்களும் குழந்தைகளும் சேர்ந்தார்கள். சீட்டுக் குலுக்குவதுபோல ஆஸ்பத்திரிகளைப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், பால் கொடுக்கும் முறையைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்து ஊக்கம் கொடுத்தார்கள். மற்றதில் வழக்கப்படி நடந்தது.

மூன்றாவது மாதத்தில் முதல் பிரிவில் 100-க்கு 43 பேர் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிரிவில் 100-க்கு 6 பேர்தான்! உதவி செய்தால் எவ்வளவு மாறுகிறது, பாருங்கள்.

முதல் பிரிவுக் குழந்தைகள் எடையில் பின்தங்கவில்லை. ஆரம்ப மாதங்களில் கொஞ்சம் வேகமாகவே வளர்ந்தார்கள். முதல் ஆண்டில் வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பு 100-க்கு 40 பங்கு குறைந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தாய்ப்பால், குழந்தையைப் பனைமரம்போல உயர்த்தும் மந்திர மருந்து அல்ல. மூன்று மாதத்தோடு நிறுத்தி மற்ற உணவு சேர்த்த குழந்தைகளையும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலே குடித்த குழந்தைகளையும் ஒரு வயதில் ஒப்பிட்டால், எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆறு மாதம் குடித்தவர்களுக்கு வயிற்று நோய் குறைவு. இதுதான் லாபம்.

இந்த லாபம் சிறியதா? நல்ல தண்ணீர் கிடைக்கும் பெலாரஸ் நாட்டிலேயே இவ்வளவு பலன். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் பலன் எவ்வளவு இருக்கும்! ஒரு முறை வயிற்றுப்போக்கு வந்தால், குழந்தை சேர்த்த எடை கரைந்துபோகலாம். நோய் இல்லாத நாட்களே வளர்ச்சி நாட்கள்.

2001-ல் உலக சுகாதாரப் பேரவை, "ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்" என்று உலக நாடுகளுக்கு யோசனை கூறியது.

தண்ணீர் கூட வேண்டாம்!

"மட்டும்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீர், தேன், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், கழுதைப் பால் எதுவும் வேண்டாம். டாக்டர் கொடுக்கும் சொட்டு மருந்தும், தாகம் தீர்க்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் மட்டும் விலக்கு.

"சித்திரை வெயிலில் பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தாய்ப்பாலிலேயே 100-க்கு 87 பங்கு தண்ணீர் இருப்பதால், கடும் வெயிலிலும் குழந்தைக்கு அதுவே போதும். தாய்தான் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

பிறந்த உடன் சேனை வைப்பது தென்பாண்டிச் சீமையில் பழைய வழக்கம். குணத்தில் பெரியவரான ஒருவர் குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பார். அன்பான வழக்கம். ஆனால், அந்தத் துளியோடு கிருமியும் போகலாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும். அந்தப் பெரியவர் குழந்தையை மடியில் வைத்து ஆசி கூறினால் போதாதா?

முதல் துளியாகச் சீம்பால் இருக்கட்டும். மஞ்சளாக, கொஞ்சமாகத்தான் வரும். பிறந்த குழந்தையின் வயிறும் சிறியதுதான். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும். நோயை எதிர்க்கும் சக்தி அந்தப் பாலில் நிறைந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் நிலை

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. 100-க்கு 99-க்கும் மேல்! நாட்டுக்கே முன்மாதிரி.

ஆனால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 100-க்கு 55 பேர்தான். இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 100-க்கு 64 பேர். ஆஸ்பத்திரி வசதியில் முந்தி நிற்கும் மாநிலம், இதில் பின்தங்கி நிற்கிறது!

ஏன்?

ஒரு காரணம் ஆபரேஷன் பிரசவம். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 ஆபரேஷன். வலியோடு படுத்திருக்கும் தாயிடம் குழந்தையை உடனே கொண்டுபோய் விடுவது இல்லை. அந்த நேரத்தில் யாரோ பால் மாவைக் கரைக்கிறார்கள். உண்மையில், ஆபரேஷன் ஆனவர்களும், பக்கத்தில் ஒருவர் துணை இருந்தால் சீக்கிரமே பால் கொடுக்கலாம்.

இரண்டாவது காரணம் வேலை. 2017-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. தமிழ்நாடு அரசாங்க ஊழியர்களுக்கு 2021-ல் இது 12 மாதம் ஆயிற்று. நல்ல காரியம். ஆனால், சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும், களை எடுக்கிறவளுக்கும், வீட்டு வேலை செய்கிறவளுக்கும் யார் விடுமுறை கொடுக்கிறார்கள்? "ஆறு மாதம் பால் கொடு" என்று அவளுக்குப் புத்தி சொல்வது சுலபம். அந்த ஆறு மாதத்துக்கு அவள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

மூன்றாவது காரணம் வியாபாரம்.

டின்னுக்குப் பின்னால்

இது புதிய சண்டை அல்ல. 1939-லேயே சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், இனிப்புச் சேர்த்த டின் பாலைக் குழந்தை உணவு என்று விற்பதைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். குழந்தைகள் சாவதை அவர் கண்ணால் பார்த்தவர்.

1981-ல் உலக சுகாதாரப் பேரவை, பால் மாவு விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா ஒன்றுதான் எதிர்த்து வாக்களித்தது.

இந்தியா 1992-ல் சட்டமே போட்டது. 2003-ல் அதை இன்னும் இறுக்கியது. அந்தச் சட்டப்படி இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்கான பால் மாவு, புட்டி, குழந்தை உணவு எதற்கும் விளம்பரம் செய்யக் கூடாது. இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பரிசு கொடுக்கக் கூடாது. டின்னின் மேல் கொழுகொழுக் குழந்தையின் படம் போடக் கூடாது. முக்கியமான குற்றங்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

ஆனால், வியாபாரம் இப்போது கைபேசிக்குள் புகுந்துவிட்டது. 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஓர் அறிக்கை வெளியிட்டன. எட்டு நாடுகளில் விசாரித்தபோது, பெற்றோர்களிலும் கர்ப்பிணிகளிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள், பால் மாவுக் கம்பெனிகளின் பிரசாரம் தங்களை எட்டியதாகச் சொன்னார்கள். குழந்தை அழுதாலும், தூங்காவிட்டாலும், "அது பசி, எங்கள் மாவைக் கொடு" என்று தாயை நம்ப வைப்பதுதான் அந்தப் பிரசாரத்தின் வேலை.

பால் மாவு சில வேளை தேவைப்படலாம். தாய் இல்லாத குழந்தை உண்டு. சில நோய்களும் சில மருந்துகளும் பால் கொடுக்கத் தடையாக இருக்கும். சில தாய்மார்களுக்கு எவ்வளவு முயன்றாலும் போதிய பால் சுரப்பது இல்லை; அது அவர்கள் குற்றமும் அல்ல. இதை எல்லாம் முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். விளம்பரம் முடிவு செய்யக் கூடாது.

போதுமா, போதாதா? எப்படித் தெரிந்துகொள்வது?

குழந்தையின் அழுகையை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. வயிற்று வலியிலும் அழும், ஈரத்திலும் அழும், தூக்கிக்கொள்ளச் சொல்லியும் அழும். நம்பத்தக்க அடையாளங்கள் இவை:

பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயற்கை. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

முதல் வாரத்துக்குப் பிறகு, பகலும் இரவும் சேர்த்து ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும்.

ஆரம்ப மாதங்களில், மாதத்துக்கு அரைக் கிலோவாவது கூட வேண்டும்.

இவை சரியாக இருந்தால், பால் போதும். இல்லை என்றால், டின்னைத் தேடும் முன் செவிலியரையோ டாக்டரையோ பார்க்க வேண்டும். பல நேரங்களில் குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதுதான் கோளாறு. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிடித்தால் பால் தாராளமாக வரும்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை வரை கொடுக்க வேண்டும். இறைக்கிற கிணறுதான் ஊறும். டின் பால் கொடுத்த வேளையில் குழந்தை தாயிடம் குடிப்பது இல்லை. குடிக்காவிட்டால் சுரப்பு குறைகிறது. சுரப்பு குறைந்ததும், "பார்த்தாயா, பால் இல்லை என்று அப்போதே சொன்னேனே!" என்கிறார்கள். டின் வந்த பிறகுதான் பால் குறைந்தது என்பது யாருக்கும் தோன்றுவது இல்லை.

வேலைக்குப் போகும் தாய், பாலைச் சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி வைக்கலாம். வெளியே 4 மணி நேரமும், குளிர்ப்பெட்டியில் 24 மணி நேரமும் தாங்கும். புட்டி வேண்டாம், பாலாடையால் புகட்டலாம்.

தாய்க்கும் வயிறு உண்டு என்பதை வீட்டார் மறக்கக் கூடாது. பால் கொடுக்கும் காலத்தில் அவளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி அதிகம் வேண்டும். மெலிந்த தாயிடமும் நல்ல பாலே சுரக்கிறது. ஆனால், தன் உடம்பைக் கரைத்துத்தான் அவள் அதைக் கொடுக்கிறாள். டின்னுக்குச் செலவு செய்யும் பணத்தில் அவளுக்கு முட்டையும், பருப்பும், கீரையும், மீனும் வாங்கிப் போட்டால், அது இரண்டு வயிற்றுக்கும் போய்ச் சேரும்.

ஆறு மாதம் முடிந்ததும்...

ஆறு மாதம் முடிந்த பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிறக்கும்போது குழந்தை சேர்த்து வைத்திருந்த இரும்புச் சத்து அப்போது தீர்ந்துவிடும். குறை மாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு இன்னும் முன்பே தீர்ந்துவிடும்; அதற்கு டாக்டர் மருந்து கொடுப்பார்.

நம் நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 100-க்கு 35 பேர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 100-க்கு 25 பேர். இந்தக் குட்டை வளர்ச்சி பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான் வேகமாகக் கூடுகிறது. அந்த வயதுக் குழந்தைகளில் போதிய சத்துணவு கிடைப்பவர்கள், இந்தியாவில் 100-க்கு 11 பேர்தான்! நீர்த்த கஞ்சியும் பிஸ்கட்டும் போதாது. குழைத்த சாதம், பருப்பு, நெய், கேழ்வரகுக் கூழ், முட்டை, பழம் என்று ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். தாய்ப்பாலும் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம்.

முதல் ஆறு மாதம் அஸ்திவாரம். அதன் மேல் சுவர் எழுப்பாமல் விட்டால் வீடு ஆகாது.

மறுபடியும் தராசு

தராசில் கிடந்த அந்த நான்கு மாதக் குழந்தை இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நாளில் புரண்டு படுக்கப் போகிறது. கைக்கு எட்டியதை எல்லாம் வாயில் வைக்கப் போகிறது.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். டின் வாங்கக் கடைக்கு ஓடும் முன், தாய் சேய் அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கன்வாடி ஊழியரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ காட்டி, "கோடு மேலே போகிறதா?" என்று கேட்க வேண்டும்.

கோடு மேலே போனால், அந்தத் தாயிடம் சொல்ல வேண்டிய வார்த்தையும் ஒன்றுதான்:

"கவலைப்படாதே, அம்மா. உன் பால் போதும்."

பல வீடுகளில் தாய்க்குப் பாலைவிட அதிகம் தேவைப்படுவது இந்த ஒரு வார்த்தைதான்!